எல்லாத்துக்கும் ஒரு துவக்கு

பாரிசின் லா சப்பலில், ஒரு நகைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், 'தவரத்தினம் துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை தொங்கியது. துப்பறிதல் அந்தப் பலகையோடு சரி. உள்ளே இருபது வருடமாக நடந்து வந்தது மாப்பிள்ளை விசாரணை. ஒஸ்லோவில் பொறியியலாளர் என்று சொல்லும் பையன் உண்மையில் எதைப் பொரிக்கிறான், ரொறன்ரோ மாப்பிள்ளை மாதத்தில் எத்தனை தரம் குடிக்கிறார் என்பதையெல்லாம் தவரத்தினம் இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். துவக்கு, துப்பாக்கி சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று படியேறி வரும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கதவைப் பூட்டியிருப்பார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டேகாலுக்கு அது வந்தது.

வந்தவள் அருள்மலர். கீழே தெருவில் மூன்றாவது கட்டடத்தில் உள்ள மரக்கறிக் கடையில் வேலை. கடை ஏப்ரனைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்து, மடித்த கடதாசி ஒன்றை மேசையில் வைத்தாள்.

"என்ரை மனுசன்ரை ஜக்கெற்றுக்குள்ளை கிடந்தது."

ரெஸ்ரோறன்ரில் ஓடர் எழுதும் துண்டு. அதன் முதுகில் வரிசையாக எண்கள்: 308, 30-06, 7x64, 9,3x62, 12. ஒவ்வொன்றும் வெட்டப்பட்டு, திரும்ப எழுதப்பட்டு, மறுபடியும் வெட்டப்பட்டிருந்தது. கீழே தமிழில் மூன்று வரி. 'ஆயிரத்துக்குள்ளை. எல்லாத்துக்கும் ஒண்டு. சனிக்கு முன்னம்.' பின்னால் ஒரு துவக்குக் கடையின் விலாச அட்டை குத்தியிருந்தது.

தவரத்தினம் அதை மூக்குக்கு அருகில் பிடித்தார், தூரப் பிடித்தார். இரண்டு தூரத்திலும் விளங்கவில்லை.

"லொத்தர் நம்பரோ தங்கச்சி?"

"வேட்டைத் துவக்கின்ரை குண்டு அளவுகள் அண்ணை."

யன்னலோரம் இருந்த மிருணாளினி நிமிர்ந்தாள். தவரத்தினத்தின் உதவியாளர் அவள். பாரிசின் புறநகரான கார்ஜில் வளர்ந்தவள், வயது இருபத்தாறு. அவளுடைய வாய் மட்டும் சம்பளமில்லாமல் ஓவர்டைம் செய்யும்.

அருள்மலர் சொல்லத் தொடங்கினாள். கணவன் பெயர் கிங்ஸ்டன், முல்லைத்தீவு. பதினொரு வருடமாக ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்ரில் சமையல். கடந்த மூன்று கிழமையாக மனிதன் நித்திரை கொள்வதில்லை. குளியலறைக்குள் போனை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம். கிட்டப் போனால் போனைக் கவிழ்க்கிறார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

"என்ரை ரெண்டு அண்ணைமாரையும் துவக்குத்தான் கொண்டுபோனது. கலியாணத்துக்கு முதல் இவரிட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டனான். எங்கடை வீட்டுக்குள்ளை துவக்கு எண்ட சொல்லே வரக்கூடாது எண்டு. பதினாலு வருசம் வரேல்லை." தவரத்தினத்தின் கையிலிருந்த கடதாசியைக் காட்டினாள். "தனக்குத்தான், தன்ரை உயிருக்குத்தான் எடுக்கிறாரோ எண்டு பயமாக் கிடக்கு அண்ணை."

கீழே நகைக்கடை மணி ஒருதரம் கிணுகிணுத்தது.

"பொலிசுக்கு..." என்று இழுத்தார் தவரத்தினம்.

"செவ்வாய்க்கிழமை அவருக்கு பிரிபெக்சர் கந்தோரிலை றோந்தேவு, நேரிலை வரச்சொல்லி. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு. துவக்கு எண்டு ஒரு சொல்லு பொலிசிலை பதிஞ்சால் எட்டு வருசத் தவம் போச்சு. பதியாமல் விட்டு, ஆளே போனால்?" அவள் எழுந்தாள். "ஆறு மணிக்கு எனக்கு வேலை முடியும். அதுக்குள்ளை நீங்கள் ஒண்டும் சொல்லாட்டி நான் பொலிசுக்குப் போறன். அவருக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சால் அவசரப்பட்டு ஏதும் செய்துபோடுவார்."

அவள் இறங்கிப் போன பிறகு மிருணாளினி கடதாசியை எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணை, ஒவ்வொரு நம்பரையும் நாலுதரம் வெட்டி எழுதியிருக்கிறார். வேறை வேறை பேனை. சாகப்போற ஆள் மூண்டு கிழமையா விலை பாப்பாரோ?"

"எங்கடை ஆக்கள் பாப்பினம்."

"அதுவும் சரிதான்" என்று அவள் ஜக்கெற்றை மாட்டினாள்.

துவக்குக் கடை கார் து லெஸ்ற் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெருவில் இருந்தது. வழியெல்லாம் தவரத்தினம் தன் திட்டத்தை விளக்கிக்கொண்டு வந்தார். வாங்க வந்தவர் போல் நடிப்பது, பேச்சோடு பேச்சாகக் கிங்ஸ்டனைப் பற்றிக் கேட்பது. இருபது வருடத்தில் எத்தனை கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவாக நடித்தவர்! துவக்கு வாங்குபவராக நடிப்பது எம்மாத்திரம்?

உள்ளே, வெள்ளைத் தலையும் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு அம்மாள் நின்றாள். தவரத்தினம் தொண்டையைச் செருமி, தன்னிடமிருந்த அத்தனை பிரெஞ்சையும் ஒன்று திரட்டினார்.

"மடம், ஒரு வேட்டைத் துவக்கு. மலிவாக. எல்லாவற்றுக்கும் ஆகக்கூடியதாக."

அந்த அம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். ஒரு நாளில் பத்துத் தரம் இதைக் கேட்பவள் போல.

"எல்லாவற்றுக்கும் என்றால்? முயலுக்குமா?"

"ஓம்... ஆமாம். முயலுக்கும்."

"காட்டுப்பன்றிக்கும்?"

"பன்றிக்கும்."

"ஐயா, பன்றிக்கான குண்டால் முயலைச் சுட்டால் காது மட்டும்தான் வீட்டுக்கு வரும். முயலுக்குச் சிதறு குண்டு. அது வேறு துவக்கு. மான், பன்றி என்று பேசுங்கள். நாய்விட்டு விரட்டி, ஓடுவதைச் சுடுபவரா? மறைந்திருந்து, நிற்பதைச் சுடுபவரா?"

பஸ்ஸுக்குக்கூட ஓடாத தவரத்தினம், "மறைந்திருந்து" என்றார். அதில் மட்டும் அனுபவம் இருந்தது.

அதற்குள் மூலையில் சப்பாத்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், ஒரு கால் சப்பாத்தோடு வந்து சேர்ந்தார். ஏழு தர அறுபத்துநாலை விட்டால் வேறென்ன இருக்கிறது என்றார். முன்பெல்லாம் முந்நூற்றெட்டு போர்க் குண்டு, வேட்டைக்கு அதை விடமாட்டார்கள், அந்த நாளில் பிரான்சு முழுக்க ஏழு தர அறுபத்துநாலால்தான் பன்றி சுட்டது என்றார். அந்த நாள் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் என்றாள் அம்மாள். இப்போது முந்நூற்றெட்டின் தோட்டா எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு என்றாள். அது பன்றிக்குப் போதாது, முப்பது-சைபர் ஆறு என்றார் இடையில் வந்த இன்னொருவர். அது தோளை உடைக்கும் என்றார் கிழவர். அது உடையாத தோள் உள்ளவர்களுக்கு என்றார் மற்றவர்.

தவரத்தினத்துக்குத் தலை சுற்றியது. இது அவருக்குப் பழகிய சத்தம். கல்யாணப் பேச்சில் தாய் ஒரு பக்கம், மாமி ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம் நின்று மாப்பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் அதே சத்தம். இவன் வேகம், ஆனால் சத்தம் கூட. அவன் அமைதி, ஆனால் பாரமான வேலைக்கு ஆகாது. மற்றவன் எல்லாம் சரி, செலவு தாங்காது. எல்லாத்துக்கும் பொருந்துகிற ஒருத்தன், அதுவும் மலிவாக வேண்டுமென்றால், கடவுள் தனியாகச் செய்துதான் அனுப்பவேண்டும்.

முக்கால் மணித்தியாலம் போயிற்று. கிங்ஸ்டனைப் பற்றி ஒரு சொல் கிடைக்கவில்லை.

"சரி, உங்கள் வேட்டை அனுமதிப் பத்திரம்?" என்றாள் அம்மாள்.

தவரத்தினம் சட்டைப் பையைத் தட்டினார். பிறகு மற்றப் பையை. பிறகு இல்லாத ஒரு பையை.

"வீட்டில்" என்றாள் மிருணாளினி.

"அது இல்லாமல் ஒரு தோட்டாகூட விற்கமாட்டேன். உங்கள் நாட்டுக்காரரான அந்த மற்றவரிடமும் இதைத்தான் சொன்னேன்."

"மற்றவரா?" இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"மெலிந்தவர். மீசை. நாலு முறை வந்துவிட்டார். கேட்பார், எழுதுவார், வெட்டுவார், பெருமூச்சு விடுவார். நாளைக்குப் பத்திரம் உள்ள ஆளைக் கூட்டிவருகிறாராம். பிரச்சினை என்னவென்றால், அவருக்கு வேண்டியது இடக்கைத் துவக்கு. தோட்டா ஏற்றும் பிடி இடப்பக்கம் இருக்கவேண்டும். அதைப் பழையதில் தேடினால் கிடைக்காது."

வெளியே வந்ததும் தவரத்தினம் போனை எடுத்தார்.

"தங்கச்சி, உங்கடை மனுசன் எந்தக் கையாலை எழுதுறவர்?"

"வலக்கையாலை. ஏன் அண்ணை?"

"வெட்டுறது, பிடிக்கிறது?"

"எல்லாம் வலக்கைதான். என்ன நடந்தது?"

"நல்லதுதான் நடந்தது. பிறகு எடுக்கிறன்."

போனை வைத்தவர் நடைபாதையில் நின்று நீளமாக மூச்சு விட்டார். "துவக்கு கிங்ஸ்டனுக்கு இல்லை. தனக்கு எடுக்கிறவன் இடக்கைத் துவக்கு ஏன் கேக்கப்போறான்?"

"அப்ப தற்கொலை இல்லை."

"இல்லை!"

"கொலையோ?"

"உன்னோடை ஒரு சந்தோசத்தை ரெண்டு நிமிசம் வைச்சிருக்க ஏலாது பிள்ளை."

மிருணாளினி நடந்துகொண்டே விரலை மடக்கினாள். "இடக்கை ஆள் ஒராள். பெர்மி, அந்த அனுமதிப் பத்திரம் வைச்சிருக்கிறார், அதாலை சட்டப்படி வாங்கலாம். பிறகு ஏன் கிங்ஸ்டனை அனுப்புறார்? பெர்மி இருக்கிற வேட்டைக்காரனுக்குத் துவக்கைப் பற்றித் தெரியாதோ?"

"கிங்ஸ்டன் முல்லைத்தீவு, வன்னி. சண்டைக்குள்ளை கிடந்த வன்னி ஆளுக்குத் துவக்கு அத்துப்படிதானே, அதாலை கேட்டிருப்பான்."

"நீங்கள் புகையிலை விளையிற யாழ்ப்பாணம். உங்களுக்குப் புகையிலை நடத் தெரியுமோ?"

"தெரியாது."

"பிறகு?"

தவரத்தினம் நேரத்தைப் பார்த்தார். நாலரை. அன்றைக்கு அவரைத் துளைத்த குண்டு அந்தக் கேள்வி ஒன்றுதான், அளவு தெரியவில்லை.

கிங்ஸ்டன் வேலை செய்த ரெஸ்ரோறன்ட் புவாசொனியேர் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில். இரவுச் சாப்பாட்டுக்குத் திறக்க இன்னும் நேரம் இருந்தது. வாசலில் ஒரு பருத்த வெள்ளைக்காரர், முழங்காலை மடித்துக் கரும்பலகையில் சோக்கால் எழுதிக்கொண்டிருந்தார். 'முதலாளி வேட்டையாடிய காட்டுப்பன்றி, சிவப்பு வைன் குழம்பில்.'

சோக் இருந்தது இடக்கையில். எழுதியதை அதே கையின் ஓரம் அழித்துக்கொண்டும் போனது.

தவரத்தினம் மிருணாளினியின் கையை நுள்ளினார். அவள் திருப்பி நுள்ளினாள்.

அவர் பெயர் ழான்-மார்க், கடையின் பத்ரோன், முதலாளி. கிங்ஸ்டனின் சொந்தக்காரர் என்று சொன்னதும் மலர்ந்து, உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். சுவர் முழுக்கப் படங்கள். தவரத்தினம் வெற்றிப் பெருமிதத்தோடு காலை நீட்ட, மிருணாளினி மட்டும் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"அண்ணை, பூட்ஸ் கிடக்கு. தொப்பி கிடக்கு. நாய் கிடக்கு. வைன் போத்தில் எல்லாப் படத்திலையும் கிடக்கு. பன்றி எங்கை? துவக்கு எங்கை?"

அதைக் கேட்கத் தவரத்தினத்துக்கு நேரம் இருக்கவில்லை. குசினிக் கதவு திறந்து, கையில் வெங்காயத்தோடு ஒரு மெலிந்த மனிதர் வெளியே வந்தார். மீசை. கண்ணுக்குக் கீழே மூன்று கிழமை நித்திரை கறுத்துக் கிடந்தது.

அருள்மலரின் பெயரைச் சொல்லக்கூடாது. தவரத்தினம் குரலைத் தாழ்த்தினார். மிரட்டலுக்கும் அன்புக்கும் நடுவில் ஒரு குரல். பொய் சொன்ன மாப்பிள்ளைகளுக்கென்று அவர் வைத்திருந்தது.

"தம்பி, துவக்கு விசயமா வந்தனாங்கள்."

கிங்ஸ்டன் திகைத்தார். வெங்காயத்தை மேசையில் வைத்தார். வியர்ப்பார், ஓடுவார், அழுவார் என்று தவரத்தினம் காத்திருந்தார். கிங்ஸ்டனோ பாய்ந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை! உங்களுக்குத் துவக்கு தெரியுமோ? கடவுள்தான் அனுப்பியிருக்கிறார். முந்நூற்றெட்டோ, ஏழு தர அறுபத்துநாலோ? எனக்கு விசர் பிடிக்கப்போகுது அண்ணை!"

"எனக்கா?" என்றார் தவரத்தினம்.

"ஒராள் சொல்லுறதை மற்ற ஆள் வெட்டுறான். கடைக்காரி ஒண்டு சொல்லுறா, போனிலை பாத்தால் வேறை ஒண்டு. நாளைக்குப் பத்ரோனைக் கூட்டிக்கொண்டு போகோணும். நான் என்னத்தைச் சொல்ல?"

"ஏன், வன்னியிலை இருந்தனீர்தானே" என்று வாய்வரை வந்ததைத் தவரத்தினம் விழுங்கினார். மிருணாளினி அவர் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் முல்லைத்தீவிலை கோயில்லை ஆர்மோனியம் வாசிச்சனான் அண்ணை" என்றார் கிங்ஸ்டன். "துவக்கைக் கண்டால் வேலிக்குள்ளாலை ஓடுற ஆள். கலியாணம் கட்டேக்கை என்ரை மனுசி மலர் கேட்ட சத்தியத்தை நான் அவா கேக்க முதலே வைச்சிருந்தனான்."

"அப்ப பத்ரோன் ஏன் உம்மைக் கேட்டவர்?"

கிங்ஸ்டன் ஒருதரம் ழான்-மார்க்கைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் ஒரு சொல்லும் விளங்காமல், மூவரையும் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதைப் பிரெஞ்சிலை சொல்லிப்போடாதை தங்கச்சி" என்று மிருணாளினியிடம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "பதினொரு வருசமா, தான் சுட்டது எண்டு இவர் கொண்டுவாற பன்றியை நான்தான் துண்டு போடுறன். ஒண்டிலையாவது குண்டு பட்ட ஓட்டையைக் காணேல்லை. எல்லாம் சந்தையிலை வாங்குறது. பெர்மி இருக்கு, வேட்டைச் சங்கத்திலை பேர் இருக்கு, மனுசன் காட்டு ஓரத்திலை இருந்து வைன் குடிச்சிட்டு வாறவர். இப்ப அடுத்த மாசத்தோடை கடையை வித்துப்போட்டு ஊருக்குப் போறார். அங்கை மச்சான்மார் எல்லாம் உண்மையான வேட்டைக்காரர். இந்த ஞாயிற்றுக்கிழமையே வேட்டைக்கு வரச்சொல்லிப் போட்டாங்கள். இவரிட்டை ஒழுங்கான துவக்கே இல்லை. கடையிலை போய்க் கேட்டால் ஒண்டும் தெரியாதெண்டு பிடிபட்டுப் போவார். அதாலை என்னைக் கூப்பிட்டு, 'கிங்ஸ்டன், உனக்குத் தெரியாததா, நீ தெரிவு செய்' எண்டவர்."

"தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே!"

கிங்ஸ்டன் வெங்காயத்தை எடுத்து உருட்டினார்.

"கோப்பை கழுவ வந்தனான் அண்ணை இஞ்சை. அதைத் தூக்கு, இதை வெட்டு, கெதியா வா. பதினொரு வருசத்திலை ஒராள், விசயம் தெரிஞ்ச மனுசன் எண்டு நினைச்சு என்னை ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல்தரம். தெரியாதெண்டு சொல்ல வாய் வரேல்லை."

தவரத்தினம் கரும்பலகைப் பக்கம் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் எங்கேயாவது பார்க்கவேண்டியிருந்தது.

நேரம் ஐந்து ஐம்பது. பதறிப்போய்ப் போனை எடுத்தார். அருள்மலரின் இலக்கம் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"பொலிசுக்குப் போட்டா!" என்றார். வியர்த்தது அவருக்குத்தான்.

"இல்லை, இஞ்சை வாறா" என்றாள் மிருணாளினி. "கரும்பலகையைக் கண்ட உடனை மெசேஜ் போட்டிட்டன். கடையிலை சொல்லிப்போட்டு முன்னமே வெளிக்கிட்டிட்டாவாம்."

"அவருக்குத் தெரியக்கூடாதெண்டு சொன்னவாவே!"

"தனக்கு எடுக்கிறவர் எண்டால் தெரியக்கூடாது. இது இடக்கைக்காரனுக்கு. பொலிசுக்குப் போறதெண்டாலும் இதைக் கேட்டிட்டுப் போகட்டும் எண்டுதான் கூப்பிட்டனான். நீங்கள் வெற்றியிலை இருந்தனீங்கள், குழப்ப விரும்பேல்லை."

கதவு திறந்தது. ஏப்ரனோடு அருள்மலர். கிங்ஸ்டனின் கையிலிருந்து வெங்காயம் உருண்டு விழுந்தது. மிருணாளினி நடந்ததை எட்டு வசனத்தில் சொன்னாள். அருள்மலர் நின்ற இடத்திலேயே நின்று கேட்டாள். கேட்டு முடித்ததும் நேரே போய்க் கணவனின் நெஞ்சில் கைப்பையால் ஒரு போடு போட்டாள். அதில் மரக்கறி இருந்திருக்கவேண்டும், சத்தம் அப்படி.

"மூண்டு கிழமை! மூண்டு கிழமையா நான் செத்துச் செத்து எழும்பினன், நீங்கள் பன்றிக்கு குண்டு பாத்தனீங்களோ?"

"மலர், வீட்டுக்குள்ளை அந்தச் சொல்லு வரக்கூடாதெண்டுதான்..."

"சொல்லு வரேல்லை. மிச்சம் எல்லாம் வந்தது!" அவள் மூச்சு வாங்கினாள். "சரி. எதை எடுக்கிறதா முடிவு?"

கிங்ஸ்டன் தலை குனிந்தார். "தெரியேல்லை."

அவள் ழான்-மார்க்கைக் காலிலிருந்து தலைவரை ஒருதரம் பார்த்தாள். தக்காளி பொறுக்கும் பார்வை.

"முப்பது-சைபர் ஆறு வேண்டாம். உதை கூட. இந்த மனுசன்ரை தோளுக்கு ஆகாது, அடுத்தமுறை பயத்திலை கண்ணை மூடிச் சுடுவார். ஒன்பது புள்ளி மூண்டு அதைவிட மோசம். பன்னிரண்டு கிட்டத்துக்குத்தான், நாப்பது ஐம்பது மீற்றருக்கு அங்காலை பிழைக்கும். ஏழு தர அறுபத்துநாலு நல்லது, பழசு மலிவாவும் கிடைக்கும், ஆனா இடக்கையிலை ஆர் விப்பினம்? முந்நூற்றெட்டை எடுங்கோ. புதுசு. இடக்கைக்கும் செய்யிறாங்கள். தோட்டா எந்த ஊர்க் கடையிலையும் கிடக்கும். மானுக்கும் பன்றிக்கும் போதும், முயலை விடச் சொல்லுங்கோ. ஆயிரத்தையும் துவக்கிலை கொட்டாமல் மேலை பூட்டிக் குறிபாக்கிற கண்ணாடிக்கும், பழகிச் சுடுறதுக்கும் மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கோ. பழகாமல் ஞாயிற்றுக்கிழமை போகவேண்டாம். மச்சான்மாரிலை ஒராள் குறையும்."

மிருணாளினி பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, ழான்-மார்க் ஓடர் துண்டை எடுத்து இடக்கையால் அவசரம் அவசரமாக எழுதினார். மூன்று கிழமையாக அந்தத் துவக்குக் கடையில் ஒரு மனிதராலும் சொல்ல முடியாமற் போனதை ஒரு மரக்கறிக்கடைப் பெண் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தாள்.

"மலர்" என்றார் கிங்ஸ்டன். "உமக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

அவள் ஏப்ரன் நுனியை விரலில் சுற்றினாள்.

"நீங்கள் படுத்தாப் பிறகு அந்தத் துண்டிலை கிடந்த நம்பர் ஒவ்வொண்டா போனிலை தேடினனான். எது உங்களிலை பட்டால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எனக்கு நேரம் இருக்கும் எண்டு. அப்பிடி ஒண்டும் இல்லை. அதாலை எல்லாத்தையும் வாசிச்சனான்."

கிங்ஸ்டன் கையை நீட்டினார், தொடுவதா வேண்டாமா என்று தெரியாத கை. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

எழுதுவதை நிறுத்திய ழான்-மார்க் நிமிர்ந்து பார்த்தார். "மடம் இப்போது என்ன சொன்னார்?"

மிருணாளினி வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு பிரெஞ்சில் சொன்னாள்:

"அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமாம்."

தண்ணீர் எடுக்க எழுந்தது தவரத்தினம். கிளாசுகள் கண்ணெதிரே வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன, குழாயும் பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் அவர் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் தேடினார்.